தரை துடைக்கும் லிக்விடில் செண்ட் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கட்டுமா?

சரவணம்பட்டிக்காரி:

வணக்கமுங்க. கேள்வி சின்னதுதான். முன்கதை சொல்லாமல் கேட்டால் யாருக்கும் புரியாது என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஷேடு சேர்ப்பது, சாயத் தண்ணீருக்கு பி.ஹெச். (அமிலமா காரமா என்ற அளவு) பார்ப்பது, டிரம் டிரம்மாக வந்து இறங்கும் சோப்பும் சாஃப்ட்னரும் சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது. இப்போது கோவை சரவணம்பட்டி. பையனுக்கு நாலு வயதில் இளைப்பு ஆரம்பித்தது. ஒரே ஐப்பசியில் மூன்று முறை நடுராத்திரியில் நெபுலைசர் வைக்க ஓடினோம். மூன்றாவது முறை பார்த்த டாக்டரம்மா சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்டார்: "வீட்டில் என்னென்ன வாசனை வைத்திருக்கிறீர்கள்?"

விரல் விட்டு எண்ணினேன். கொசுவுக்கு மாட்டும் லிக்விட். காலையும் மாலையும் ஊதுபத்தி. பாத்ரூமில் தொங்கும் கட்டி. பீரோவில் பாச்சை உருண்டை. துணியைக் கடைசியாக அலசும்போது ஊற்றும் ரோஜா கண்டிஷனர். தரைக்கு எலுமிச்சை லிக்விட். காரில் ஆடும் அட்டை. ஒரு கை போதவில்லை. லேபில் கைக்கு உறை இல்லாமல் ஒரு பாட்டிலைத் தொடாதவள் நான். வீட்டுக்குள் ஏழு ரசாயனம் வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பையனுக்குக் குறைந்தது. இன்ஹேலரும் கூடவே போனதால் எது கேட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசனை இல்லாத தரை லிக்விட் ஒன்று நான் தேடிய கடை எதிலும் கிடைக்கவில்லை. நானே கலக்கினேன். மாடி வீட்டு அக்கா ஒரு பாட்டில் கேட்டார். அப்புறம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குரூப். 14 மாதத்துக்கு முன்னால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், 100 லிட்டர் டிரம், ஒரு ஸ்டிரர் மோட்டாரோடு தொழிலாகவே ஆரம்பித்துவிட்டேன். லிட்டர் 140 ரூபாய்.

இதுவரை ஒரு முறையாவது வாங்கிய வீடு 312. இரண்டாம் முறை வாங்கியது 138. கடைசி நாலு மாதமாக எண்ணிக்கை அப்படியே நிற்கிறது.

போன வாரம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்க்கப் போனேன். அவர் செய்த முதல் காரியம், மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனது. மூடினார். லேபிளைப் பார்த்தார். மறுபடி திறந்து மோந்து பார்த்தார். "என்னம்மா, தண்ணி மாதிரி இருக்கு" என்றார். எலுமிச்சையோ லாவெண்டரோ போட்டுக் கொடுத்தால் முதல் லோடே 50 பெட்டி எடுக்கிறாராம். வீட்டுக்காரர் "போடு, லிட்டருக்கு ரெண்டு ரூபாய்தானே ஆகும்" என்கிறார். அதுவும் உண்மைதான்.

கேள்வி இரண்டு. ஒன்று, செண்ட் சேர்க்காமல் இது வளருமா? இரண்டு, வாசனை உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா, இல்லை என் பையனை வைத்து ஊருக்கே நான் பயம் காட்டுகிறேனா?

விழுப்புரம் மளிகை:

தங்கச்சி, அப்பா காலத்திலிருந்து மளிகைக் கடை வைத்திருக்கிறோம். உங்கள் முதல் கேள்விக்கு என் கல்லாப் பெட்டி சொல்லும் பதிலைச் சொல்கிறேன்.

சோப்பாயில், பினாயில் வாங்க வருகிறவர் யாரும் பின்னால் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்து நான் பார்த்ததில்லை. மூடியைத் திறப்பார், மோப்பார், இல்லையென்றால் பாட்டிலை ஒரு அமுக்கு அமுக்கி வெளியே வரும் காற்றை மோப்பார். எங்கள் கடையில் பாதி பாட்டில் சீல் உடைந்துதான் நிற்கும். சீல் உடைந்ததை அடுத்தவர் வாங்க மாட்டார், அவர் இன்னொன்றை உடைப்பார்.

வாசனை எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கி சிக் ஷாம்பூவைக் கொண்டுவந்தார். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் புதுசு ஒன்று இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டும் செல்லும், பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார்கள். அதில் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது. அதற்கு மேல் மல்லிகை வாசனையும் ரோஜா வாசனையும் சேர்த்ததும் 30 லட்சம். இது அவரே பேட்டியில் சொன்ன கணக்கு. அந்தக் காலி பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பையன்கள் கடைக்கு வருவார்கள். எண்ணி வாங்கிப் போடும் வேலை என்னுடையது. கை நாள் முழுக்க மல்லிகையாய் மணக்கும்.

அதனால் கடை அலமாரியில் உங்கள் பாட்டில் ஓடாது. சுத்தமாக ஓடாது. அதற்காக செண்ட் போடுங்கள் என்று சொல்லவில்லை. செண்ட் போட்டால் அலமாரியில் உங்கள் பக்கத்தில் நிற்பது யார் என்று பாருங்கள். டி.வி.யிலும் கிரிக்கெட்டிலும் விளம்பரம் போடுகிற கம்பெனிகள் ஒரு பக்கம், டி.வி.எஸ். 50இல் கேன் கட்டித் தெருத் தெருவாகப் பாதி விலைக்கு விற்கிறவர் இன்னொரு பக்கம். நடுவில் 140 ரூபாய்க்கு நீங்கள் எதைச் சொல்லி விற்பீர்கள்?

அந்த 50 பெட்டியும் கடன்தானே? எத்தனை நாள் கடன், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்களா? என் அனுபவத்தில் முதல் லோடு தைரியமாக எடுப்பவர் எல்லாம் திருப்பி அனுப்பும் தைரியத்தில்தான் எடுப்பார்.

மூச்சுக்கணக்கு:

மதுரையில் நுரையீரல் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். குழாயை வாயில் வைத்து "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று நாள் முழுக்கக் கத்துகிறவன் நான்தான். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் அக்கா.

பயமுறுத்தவில்லை நீங்கள். ஆனால் ஏழையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எரிவது முதல் எதிரி. கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவு என்று அளந்து சொன்னது. ஊதுபத்தியும் புகைதான். சாம்பிராணிக்கு மட்டும் நாம் விதிவிலக்கு கொடுப்போம், நுரையீரல் கொடுக்காது. பாச்சை உருண்டை தனிக் கதை. நாஃப்தலீன் உருண்டை என்றால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைக்கு அந்த உருண்டையோடு இருந்த துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணு உடையலாம். அதை எடுத்தது ரொம்பச் சரி.

அடுத்து ஸ்பிரே. காற்றில் மிதக்கும் துளி நேரே உள்ளே போகிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகக் குழு, 6,000க்கு மேற்பட்டவர்களைச் சுமார் 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டது. வீட்டைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கும், சுத்தம் செய்வதையே வேலையாகக் கொண்ட பெண்களுக்கும், அது எதுவும் செய்யாத பெண்களைவிட மூச்சுத்திறன் வேகமாகக் குறைந்திருந்தது. அதில் வாசனையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. துப்புரவுப் பொருள் மொத்தத்தையும் பற்றிய ஆய்வு அது.

வாளியில் கலந்து துடைக்கும் லிக்விட் மூன்றாவது வரிசை. அங்கே பேச வேண்டியது லிமோனீன். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக்கு அதுதான் மூலம். பழத்தில் இருக்கும்வரை சாது. காற்றில் ஓசோன் இருந்தால் அதோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. ஃபார்மால்டிஹைடு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிற பொருள். வண்டிப் புகையும் மொட்டை வெயிலும் சேரும் மதிய நேரத்தில்தான் ஓசோன் அதிகம். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் புற்றுநோய் வருமா என்று கேட்டால், அளவு மிகக் குறைவு, அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கனவே இளைப்பு இருக்கிற குழந்தைக்குத் தூண்டுதலாக ஆகுமா என்றால், ஆகும், பலருக்கு ஆகிறது.

அமெரிக்காவில் 2016இல் ஆன் ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், வாசனைப் பொருளால் தலைவலி, மூச்சுத் தொல்லை என்று ஏதோ ஒன்று வருகிறது என்றவர்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல். அவர்களாகச் சொன்னது, பரிசோதித்துப் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்தாலும் உங்கள் அபார்ட்மெண்டில் உங்களைப் போல நாலு வீடாவது இருக்கும்.

ஒரு விண்ணப்பம்: "ஆஸ்துமாவுக்குப் பாதுகாப்பானது" என்று மட்டும் லேபிளில் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த நோயாளிகளில், யாரோ அப்படிச் சொன்னதை நம்பி இன்ஹேலரை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

பாரிமுனை மூக்கு:

நான் எதிர்க்கட்சி. 26 வருடமாக பாரிமுனையில் செண்ட் காம்பவுண்டு கலக்கிக் கொடுக்கிறேன். ஊதுபத்தி, சோப்பாயில், ஃபேஸ் பவுடர் எல்லாம் கேட்பார்கள். உங்களைப் போல ஒரு டிரம்மோடு தொடங்கியவர்கள் பலர் என் கடைக்கு வந்துபோயிருக்கிறார்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன் மேடம். வாசனை போடவில்லை, சரி. கெட்டுப்போகாமல் இருக்க என்ன போடுகிறீர்கள்? லிட்டருக்கு லிட்டர் தண்ணீர்தான் இருக்கும், 14 மாதம் ஆகியும் பூஞ்சை பிடிக்கவில்லை என்றால் ஏதோ போடுகிறீர்கள். கெமிக்கல் கடையில் "பிரிசர்வேட்டிவ் கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஐசோதயாசோலினோன் வகைதான். அதில் மெத்தில்ஐசோதயாசோலினோனை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013இல் "அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்றே அறிவித்தது. ஐரோப்பாவில் தோலில் தங்கும் கிரீம்களில் அதற்குத் தடை. உங்கள் டிரம்மைப் போய்ப் பாருங்கள். வாசனை இல்லாததெல்லாம் சாது என்று நினைத்தால் என் தொழிலுக்கு மட்டும் கெட்ட பேர்.

இரண்டாவது, "இயற்கை எண்ணெய் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது நடுவழி சொல்வார்கள். நம்பாதீர்கள். எலுமிச்சை எண்ணெயில் பெரும்பகுதி அந்த லிமோனீன்தான். லாவெண்டரில் லினலூல். புதுசாக இருக்கும்போது அது பெரிதாக ஒன்றும் செய்யாது, மூடி திறந்து திறந்து காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகித் தோலுக்கு ஆகாததாக மாறும். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருள்களின் பேரை அழகுசாதன லேபிளில் போட வேண்டும் என்று 2003இல் சட்டம் செய்தது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கு மேல் கொண்டுபோய்விட்டது. அதில் இயற்கை எண்ணெய்களும் இருக்கின்றன. நம் ஊரில் சோப்பாயில் பாட்டிலில் அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. பூனை வளர்க்கிறவர்கள் டீ ட்ரீ ஆயில் கேட்டால் நானே கொடுக்க மாட்டேன், பூனையின் ஈரலுக்கு அது செரிக்காது. பினாயிலும் அப்படித்தான்.

சரி, வாசனை எதற்கு என்று என் பக்கமும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லிக்விடுக்கு வாசனை இல்லை என்கிறீர்கள், இருக்கும். அழுக்கை எடுக்க அதில் ஊற்றும் ஈத்தாக்ஸிலேட்டுக்கென்று ஒரு மெழுகு வாடை உண்டு, மழைக்காலத்தில் தெரியும். அதை மறைக்க ஒரு செண்ட் போட்டு "வாசனையற்றது" என்று எழுதி விற்றவர்களும் உண்டு. வாசனை தெரியாதது வேறு, வாசனைப் பொருள் சேர்க்காதது வேறு. லேபிளில் இரண்டாவதை எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால்.

அப்புறம் ஃபெப்ரீஸ் கதை தெரியுமா? 1990களில் அமெரிக்காவில் பி அண்ட் ஜி கொண்டுவந்தது, துர்நாற்றத்தைப் பிடித்து அடக்கும் ஸ்பிரே. பொருள் அருமை, விற்கவில்லை. நாற்றம் இருக்கிற வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு நாற்றம் தெரியாது, மூக்கு பழகியிருக்கும். நாற்றமே தெரியாதவருக்கு நாற்றம் போனது எப்படித் தெரியும்? பிறகு கூடுதல் வாசனை சேர்த்து, சுத்தம் செய்து முடித்ததும் கடைசியாக அடிக்கும் ஒன்றாக விளம்பரம் செய்தார்கள், பிய்த்துக்கொண்டு போனது. வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு மணி அடிக்க வேண்டும் மேடம். அந்த மணிதான் செண்ட். மணியை எடுத்துவிட்டீர்கள், பதிலுக்கு என்ன வைத்தீர்கள்?

சரவணம்பட்டிக்காரி:

பாரிமுனை அண்ணா, ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நீங்கள் சொன்னதேதான். சி.எம்.ஐ.டி.யும் எம்.ஐ.டி.யும் கலந்தது (இரண்டுமே அந்த ஐசோதயாசோலினோன் வகை, எம்.ஐ.டி. என்பது நீங்கள் சொன்ன மெத்தில்ஐசோதயாசோலினோன்), 5 கிலோ கேன். லேபில் 11 வருடம் இருந்தவள், வாங்கிய பொருளின் சீட்டைப் படிக்காமல் 14 மாதம் ஊற்றியிருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

கெடாமல் காக்க அதற்குப் பதில் சோடியம் பென்சோயேட்டுக்கு மாறப் பார்க்கிறேன். அது வேலை செய்ய பி.ஹெச். 5க்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலம் என்றால் மார்பிள் தரைக்கு ஆகாது, பளபளப்பு போய்விடும். எங்கள் பக்கம் புது அபார்ட்மெண்ட் எல்லாம் டைல்ஸ்தான் என்றாலும், மார்பிளில் ஊற்றாதீர்கள் என்று லேபிளில் பெரிதாகப் போட வேண்டும். பழைய பாட்டில் வாங்கிய வீடுகளுக்கு இன்று குரூப்பில் விவரம் எழுதிவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் நன்றி சொன்னார்.

தோற்ற ஸ்டார்ட்டப்:

சேலத்தில் செக்கு எண்ணெய் மாதச் சந்தா நடத்தி, மூன்று வருடத்தில் மூடியவன். பேரிலேயே தெரியும். அதனால் வளர்ச்சி பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, வளராதது பற்றி நன்றாகத் தெரியும்.

என் கணக்கைப் பாருங்கள். முதல் ஆர்டருக்கு 40 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, விளம்பரத்துக்கு ஆறு லட்சம் கொட்டி, 2,000 வாடிக்கையாளர் பிடித்தேன். இரண்டாம் ஆர்டர் போட்டது 100க்கு 9 பேர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, இன்னும் 2,000 பேர் பிடிப்போம் என்று ஓடினேன். ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த கதை.

உங்களுக்கு 312இல் 138. நூற்றுக்கு 44. தள்ளுபடி இல்லாமல், விளம்பரம் இல்லாமல், 140 ரூபாய்க்கு. அக்கா, இந்த எண் எனக்கு வந்திருந்தால் நான் இன்று கடையை மூடியிருக்க மாட்டேன். வளரவில்லை என்று அழுகிறீர்கள். அந்த 138 பேர் யார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? திரும்ப வாங்காத 174 பேரையும் கேளுங்கள். வாட்ஸ்ஆப் படிவம் அனுப்பாதீர்கள், யாரும் உண்மை எழுத மாட்டார்கள். போன் போடுங்கள். "ஏன் மறுபடி வாங்கலை" என்று ஆரம்பித்தால் சங்கடத்தில் ஏதாவது பொய் சொல்வார்கள். "கடைசியா துடைச்சது எப்போ, எதுல துடைச்சீங்க" என்று ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, நீங்கள் விற்பது தண்ணீர். கோபிக்காதீர்கள், பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீர்தானே? கோவைக்குள் ஸ்கூட்டரில் கொண்டுபோகும்வரை தெரியாது. சென்னைக்கு ஒரு லிட்டர் கூரியரில் அனுப்பிப் பாருங்கள், உங்கள் லாபம் முழுக்கக் கூரியர்காரருக்குப் போகும். கெட்டியாகச் செய்து 200 மில்லியாகக் கொடுங்கள், அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமலா இருக்கிறது? எனக்கு எண்ணெயில் அது முடியாது, உங்களுக்கு முடியும்.

கடைசியாக ஒன்று. வாசனைக்குப் பதிலாக "கிருமிகளைக் கொல்லும்" என்று லேபிளில் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கிருமிநாசினி என்று விற்றால் அது மருந்துச் சட்டத்துக்குக் கீழ் வரும், லைசென்ஸ் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் லேபிளில் அந்த ஒரு வரிக்காக 4,000 பாட்டிலில் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டினார்.

விழுப்புரம் மளிகை:

சேலத்துத் தம்பி சொல்வது சரி. கெட்டியாகக் கொடுத்தால் ஒரு ஆபத்தும் உண்டு: நம் ஆட்கள் அளந்து ஊற்ற மாட்டார்கள். பாட்டிலோடு கவிழ்ப்பார்கள், தரை பிசுபிசுக்கும், "சாமான் சரியில்லை" என்பார்கள். மூடியே அளவாக இருக்கட்டும். ஒரு மூடி, ஒரு வாளி.

சரவணம்பட்டிக்காரி:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 40 பேருக்குப் போன் போட்டேன். திரும்ப வாங்காதவர் 20, வாங்கியவர் 20.

வாங்காத 20 பேரில் 11 பேர் வெவ்வேறு வார்த்தையில் ஒன்றையே சொன்னார்கள்: "துடைச்ச மாதிரியே தெரியலைங்க." நாலு பேருக்கு மாமியாரோ வீட்டுக்காரரோ ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கு விலை. இரண்டு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். பாரிமுனை அண்ணா சொன்ன மணி அடிக்காத கதைதான்.

திரும்ப வாங்குபவர்களில் எட்டு வீட்டில் இளைப்புக் குழந்தை. நாலு பேருக்கு ஒற்றைத் தலைவலி. இரண்டு வீட்டில் பூனை. இரண்டு பேர் மசக்கையின்போது வாங்க ஆரம்பித்து அப்படியே தொடர்கிறவர்கள். ஒருவர் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், எந்த வாசனை பட்டாலும் குமட்டுகிறதாம். அவரோடு முக்கால் மணி நேரம் பேசினேன், லிக்விடைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம்.

மீதி மூன்று பேர்தான் என்னைத் திகைக்க வைத்தார்கள். ஏன் வாங்குகிறீர்கள் என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, வேலைக்கு வர்ற அக்கா இதுதான் வேணும்ங்கறாங்க." மூன்று வீடும் ஒரே அபார்ட்மெண்ட். மூன்று வீட்டுக்கும் ஒரே அக்கா.

அடுத்த நாள் காலை லிஃப்ட் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். ஒரு கையில் மாப், ஒரு கையில் வாளி. விரல் இடுக்கெல்லாம் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. (அந்த ஐசோதயாசோலினோனை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.) ஒரு நாளைக்கு ஐந்து வீடு துடைக்கிறார். "மத்த வீட்ல ஊத்துனதும் கண்ணு எரியும், மதியத்துக்கு மேல இருமல் வந்துரும். அந்த அம்மா மூணு மூடி ஊத்தச் சொல்லும், வாசம் வரலைன்னு" என்றார். மூக்கு பழகப் பழக வீட்டுக்காரர் அளவைக் கூட்டுகிறார், அதை முகர்ந்து குனிந்து நிற்பது இவர். மூச்சுக்கணக்கு தம்பி சொன்ன நார்வே ஆய்வில் இருந்ததும் இவரைப் போன்றவர்கள்தானே? 14 மாதமாக நான் பேசியதெல்லாம் பணம் கொடுக்கிறவர்களிடம். லிக்விடைத் தினமும் கையில் எடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வாசம் இல்லாம துடைச்ச மாதிரி தெரியலைன்னு சொல்றாங்களே, உங்க மூணு வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "துடைச்ச தண்ணிய அப்படியே கொட்ட மாட்டேனுங்க. கொண்டாந்து அந்த அம்மாகிட்டக் காட்டிட்டுத்தான் கொட்டுவேன்." வாளியைச் சாய்த்துக் காட்டினார். டீத்தூள் நிறத்தில் இருந்தது.

இப்போதைக்கு முடிவு செய்தவை: டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 200 மில்லி கெட்டி லிக்விடுக்கு இரண்டு மாதிரி போட்டிருக்கிறேன், ஒரு மூடி ஒரு வாளி கணக்கில். பென்சோயேட் மாதிரியை 40 டிகிரியில் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு மாதம் தாங்கினால்தான் விற்பனை. அதுவரை புது ஆர்டர் எடுப்பதில்லை. அந்த அக்கா வேலை செய்யும் மற்ற இரண்டு வீட்டிலும் பேச அவரே கூட்டிப் போகிறார். கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. பாத்ரூமுக்கு ஆசிட் ஊற்றச் சொல்கிறார்களாம், அதற்கும் வாசம் இல்லாமல், கண் எரியாமல் ஏதாவது கலக்கித் தர முடியுமா என்று கேட்டார். பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றுகிற வீடும் ஒன்று இருக்கிறதாம். குளோரின் வாயு வரும், இனிமேல் எந்த வீட்டிலும் அப்படி ஊற்றாதீர்கள் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாரிமுனை அண்ணா, உப்புக்கறைக்கு சிட்ரிக் அமிலம் போதுமா, இல்லை சல்ஃபாமிக் வேண்டுமா? கெமிக்கல் கடையில் கேட்டால் மறுபடி ஏதாவது கேனைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.